சேதுவழிச் சத்திரங்கள்: அரண்மனையிலிருந்து ஆட்சியர் அலுவலகம் வரை

1. வழியும் சத்திரமும்

தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரத்துக்குச் செல்லும் பழைய நடைவழி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, இராசாமடம் வழியாகக் கடற்கரையை அடைந்து, சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் எனத் தெற்கே இறங்கும். அதற்கு அப்பால் இராமநாதபுரம் சேதுபதிகளின் சீமை. தொண்டி, உப்பூர், தேவிபட்டினம் கடந்து மண்டபத்தில் படகேறினால் பாம்பன். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து வந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்யவும், சேதுவின் மணலை எடுத்துக்கொண்டு காசிக்குத் திரும்பவும் வடநாட்டாரும் மராட்டியரும் நடந்த வழி இது. போகவர மாதக்கணக்கில் ஆகும் இந்த யாத்திரையில், வழிப்போக்கருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கூரையும் ஒரு வேளைச் சோறும் வேண்டும்.

அந்தத் தேவைக்காக எழுந்தவை தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் மன்னர் பிரதாபசிங் காலத்தது. மணமேல்குடியில் திரௌபதாம்பாள் பெயரிலும், மீமிசலில் இராசகுமாராம்பாள் பெயரிலும் சத்திரங்கள் அமைந்தன. இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் 1802 இல் நிறுவிய சத்திரத்தால் அவ்வூருக்கு முத்தாம்பாள்புரம் என்ற பெயரே வந்தது. குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேர்போல வடிவமைத்த அதன் பகுதி இன்றும் பார்ப்போரை நிறுத்துகிறது. பெயர்கள் பெரும்பாலும் அரசகுலப் பெண்களுடையவை. சத்திரத்தின் உயிர்நாடி கட்டடம் அன்று, அதற்கு விடப்பட்ட கிராமங்கள். அவற்றின் நெல்தான் பந்தியில் சோறானது.

வழிச்சத்திரம் தமிழகத்துக்கு மராட்டியர் கொண்டுவந்த புதுமை என்று கொள்ள இடமில்லை. மதுரையில் இராணி மங்கம்மாளின் பெயரைச் சொல்லும் சாலையும் சத்திரமும் தஞ்சைச் சத்திரங்களுக்கு முந்தியவை. சேதுபதிகளின் கொடைகளை எஸ். எம். கமால் தொகுத்த செப்பேடுகளில் காணலாம். தஞ்சைச் சத்திரங்களைத் தனியே ஆராயத் தகுந்ததாக்குவது வேறொன்று. ஒரே நிறுவனத் தொகுதி மன்னர், கம்பெனி அதிகாரிகள், வருவாய் வாரியம், ஜில்லா போர்டு, மாவட்ட ஆட்சியர் எனக் கைமாறிக்கொண்டே வந்து, இன்றும் ஒரு நிர்வாகமாக நீடிக்கிறது. நிர்வாகம் மாறியபோது சத்திரத்தின் பயன் எவ்வாறு மாறியது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விடை இரண்டு. ரயில் வந்தது, நடைவழி ஒழிந்தது, சத்திரம் தேவையற்றுப் போனது என்பது ஒன்று. அந்நிய ஆட்சி தருமத்தை விழுங்கியது என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே, சத்திரத்தை நடத்தியவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்பதைக் கேட்பதில்லை.

2. 1801: ஒரு கடிதமும் அதன் எடையும்

1799 அக்டோபர் உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயிற்று. சரபோஜிக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். சத்திரங்களும் அவற்றின் கிராமங்களும் கோட்டைக்கு வெளியே இருந்தன. அவை யாருக்கு உரியவை?

1801 ஜனவரியில் சரபோஜி கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் இந்தச் சூழலில் பிறந்தது. சத்திரங்களைப் பற்றி எழுதும் எவரும் தொடாமல் விடாத ஆவணம் அது. இராமேசுவரம் செல்லும் வழிச் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் உணவு அளிக்கப்படுவதாக அதில் மன்னர் கூறுகிறார். சமைத்ததை உண்ணாதவர் அரிசியும் பலசரக்கும் பெறுகின்றனர். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் உண்டா என்று கூவி அழைக்கின்றனர். நோயுற்ற பயணிக்கு மருத்துவரும் மருந்தும் பத்தியச் சாப்பாடும் உண்டு. வழியில் பிள்ளை பெற்ற பெண் உடல் தேறும்வரை தங்கலாம். பெற்றோரை இழந்த அயலூர்ப் பிள்ளைகள் ஆசிரியரின் பொறுப்பில் வளர்கின்றனர். வேதம் சொல்லிவைப்போரும் இருக்கின்றனர். இறந்தவருக்கு அவரவர் சாதி வழக்கப்படி ஈமக்கடன் நடக்கிறது.

இதை அப்படியே நடப்பு விவரமாக எடுத்துக்கொள்ளும் எழுத்துகள் பல. கடிதம் ஒரு விண்ணப்பம் என்பதை அவை மறந்துவிடுகின்றன. கையிலிருக்கும் கடைசி அதிகாரத்தைக் காத்துக்கொள்ள எழுதுபவர் அதன் மாண்பைக் குறைத்து எழுத மாட்டார். எல்லாச் சாதிக்கும் உணவு என்ற வாக்கியம் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என்று சொல்லவுமில்லை. சமைத்த சோறு, சமைக்காத அரிசி என்ற பாகுபாட்டிலேயே சாதியின் சுவடு தெரிகிறது. ஆயினும் கடிதத்தை வெறும் முகத்துதியாகத் தள்ளவும் முடியாது. கே. எம். வேங்கடராமையா பயன்படுத்திய, மோடி எழுத்திலான அரண்மனை ஆவணங்களும் பின்னர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவற்றின் தமிழாக்கமும், அரண்மனை நிர்வாகம் தன் அறங்களின் வரவுசெலவை எவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்தது என்பதைக் காட்டுகின்றன.

கடிதத்தின் மைய வாதம் கவனிக்கத்தக்கது. தஞ்சைக்கு உலகெங்கும் பெயர் அதன் தருமத்தால் வந்தது என்றும், அந்தப் பெயரே தமக்குப் பெரிது என்றும் மன்னர் வாதிடுகிறார். வரி தண்டும் உரிமையும் படையும் போன பிறகு, அன்னமிடும் உரிமைதான் அரசுரிமையின் எச்சம். கடிதம் எழுதிய மறு ஆண்டே ஒரத்தநாட்டில் புதுச் சத்திரம் எழுப்பியதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முத்தாம்பாளின் நினைவு உண்மையானதே. அதனோடு அரசியலும் கலந்திருந்தது. கம்பெனி இணங்கியது. சத்திரங்கள் மன்னரிடமே இருந்தன.

மன்னரின் நிர்வாகத்தில் சத்திரத்தின் விருந்தினர் என்பவர் அயலூரார். அவர் வரி கொடுப்பவர் அல்லர், மறுபடி வருபவரும் அல்லர். அவருக்கு இடும் சோறு மன்னருக்குப் புகழும் புண்ணியமும் சேர்க்கும். தொலைவிலிருந்து வந்தவர் திரும்பிப்போய்ச் சொல்வதே மன்னருக்கு வேண்டியது. பள்ளியும் மருந்தும் சத்திரத்துக்குள்ளேயே இருந்தன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வந்தவர்கள் கல்வியையும் மருத்துவத்தையும் சத்திரத்துக்குப் புதிதாகக் கொண்டுவரவில்லை. அவற்றை வழிப்போக்கரிடமிருந்து பிரித்தார்கள்.

3. 1817, 1863: ஒரு வகைப்பாட்டின் விளைவு

சென்னை மாகாணத்தின் 1817 ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்குச்சட்டம் கோயில், பள்ளிவாசல், கல்லூரி ஆகியவற்றின் மானியங்களையும், பாலம், சத்திரம் போன்ற பொதுக் கட்டடங்களின் பராமரிப்பையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. அதன் நோக்கம், மானிய வருவாய் கொடையாளி கருதிய வழியில் செலவாகிறதா என்று பார்ப்பது. சத்திரம் அங்கே பாலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டதை அன்று எவரும் பெரிதாகக் கொண்டிருக்க மாட்டார்கள். அந்தச் சேர்க்கைக்கு அரை நூற்றாண்டு கழித்துப் பொருள் வந்தது.

1855 அக்டோபரில் சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனி நாட்டையும் அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. அதை எதிர்த்து ராணி காமாட்சிபாய் தொடுத்த வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. கைப்பற்றியது அரசியல் செயல், அதை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று 1859 இல் தீர்ப்பாயிற்று. பின்னர் அரசு தானாகவே அரண்மனைச் சொத்தை ராணிகளுக்குத் திருப்பித் தந்தது. சத்திரங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. அவை பொதுத் தருமம் என்ற பெயரில் அரசின் கையிலேயே நின்றன.

அடுத்து வந்தது 1863 ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம். கிறித்துவ அரசு இந்துக் கோயில்களை நிர்வகிப்பதா என்று பாதிரிமார் எழுப்பிய நெடுங்கால எதிர்ப்பின் விளைவாக, சமய நிறுவனங்களின் நிர்வாகத்திலிருந்து வருவாய் வாரியம் விலகியது. ஆனால் விலகல் சமய நோக்குடையவற்றுக்கு மட்டும். சத்திரம் உலகியல் தருமம் என்று கருதப்பட்டதால் 1817 ஒழுங்குச்சட்டத்தின் கீழேயே இருந்தது.

இந்தப் பிரிவினையின் விளைவை ஒரே மன்னர் குலத்தின் இருவகைக் கொடைகளில் காணலாம். தஞ்சைப் பெரிய கோயில் உள்ளிட்ட 88 கோயில்களைக் கொண்ட அரண்மனை தேவஸ்தானத்துக்கு மராட்டிய அரசகுடும்பத்தார் இன்றும் பரம்பரை அறங்காவலர்கள். அதே குடும்பத்தார் நிறுவிய சத்திரங்களில் அவர்களுக்கு அத்தகைய இடமில்லை. கொடுத்தவர் ஒருவரே, கொடுத்த மனமும் ஒன்றே. யாத்திரிகர் கும்பிட்ட இடம் சமயமாகவும், அவர் உண்ட இடம் உலகியலாகவும் பிரிக்கப்பட்டன. சேது யாத்திரிகருக்குச் சோறிடுவது சமயச் செயல் ஆகாது என்று சரபோஜியிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது. சட்டத்துக்கோ அது தெளிவாக இருந்தது. சத்திரத்தின் வரலாற்றைத் திசைதிருப்பியது இந்த வகைப்பாடுதான், ரயிலன்று என்பது வலுவான வாதம்.

4. ஜில்லா போர்டும் ரயிலும்

1871 ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டமும் அதை அடுத்து 1884 ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியச் சட்டமும் சாலை, பள்ளி, மருத்துவமனை, துப்புரவு ஆகியவற்றை மாவட்ட அளவில் நடத்த வாரியங்களை உண்டாக்கின. சத்திரங்களும் அவற்றின் அறநிலங்களும் இந்த வாரியங்களிடம் வந்தன. தஞ்சாவூர் ஜில்லா போர்டு மாகாணத்தின் செல்வவளம் மிக்க போர்டுகளில் ஒன்று. அதற்குச் சத்திர நிலங்களின் வருவாயும் ஒரு காரணம்.

போர்டு வரி செலுத்துவோருக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைப்பு. அதன் பார்வையில் புனேயிலிருந்தோ காசியிலிருந்தோ வரும் பயணி எவருடைய தொகுதியையும் சேர்ந்தவர் அல்லர். பள்ளிக்கூடம் கேட்கும் உள்ளூராரோ எதிரிலேயே நிற்கிறார். இலவசச் சாப்பாடு சோம்பேறிகளை வளர்க்கிறது, உள்ளூர்ப் பிராமணர்களே பெரும்பாலும் உண்கிறார்கள் என்று ஆங்கில அதிகாரிகள் சொல்லிவந்த குறையும் துணைக்கு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைகளுக்கு உதவுவதைப் பற்றி நிலவிய கடுமையான எண்ணம் இந்தக் குறையில் எதிரொலிக்கிறது. அதற்காகக் குறையே பொய் என்று ஆகிவிடாது. 1906 இல் வெளிவந்த ஹெமிங்வேயின் தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியர் சத்திரங்களைப் பற்றிப் பேசும்போது, அன்னதானத்தோடு பள்ளியும் மருத்துவமனையும் சத்திரச் செலவின் பங்காளிகளாகிவிட்ட நிலையையே காண்கிறோம்.

சத்திர நிதியைக் கல்விக்குத் திருப்புவதற்கு மாகாணத்திலேயே முன்மாதிரி இருந்தது. பச்சையப்ப முதலியார் கோயில் கட்டளைகளுக்கும் அன்னதானத்துக்கும் விட்ட செல்வம் வழக்குகளில் சிக்கி மீண்டபோது, எஞ்சிய தொகையிலிருந்து 1842 இல் சென்னையில் பள்ளி தொடங்கப்பட்டது. கொடையாளியின் உயிலில் இல்லாத நோக்கத்தை எஞ்சிய பணத்தில் நிறைவேற்றலாம் என்ற முறை அங்கே நிலைபெற்றது. தஞ்சையில் எஞ்சியது எவ்வளவு என்பதைத் தீர்மானித்ததும் நிர்வாகமே. அன்னதானத்தைக் குறைத்தால் எஞ்சுவது கூடும்.

இங்கே ரயிலைப் பற்றிய விடையை எடைபோடலாம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861 இலேயே ரயில் வந்துவிட்டது. 1875 இல் திருச்சி–மதுரைப் பாதை திறந்தபின், இராமேசுவரம் செல்வோர் மதுரைவரை ரயிலில் போய் அங்கிருந்து இராமநாதபுரம் வழியாகச் செல்ல முடிந்தது. தஞ்சைக் கடற்கரைவழியின் கூட்டம் அப்போதே குறைந்திருக்க வேண்டும். ஆனால் மண்டபம்வரை ரயில் சென்றது 1902 இல்தான், பாம்பன் பாலம் திறந்தது 1914 இல். திருவையாறு கல்யாண மகாலில் சத்திர நிதியைக் கொண்டு வடமொழிக் கல்லூரி 1881 இலேயே தொடங்கிவிட்டது. நடைவழி முற்றிலும் ஒழியும்வரை போர்டு காத்திருக்கவில்லை என்பதை இந்த ஆண்டுகள் காட்டுகின்றன. ரயில் ஒரு காரணமே. நிதியைத் திருப்ப விரும்பியவர்களுக்கு அது நல்ல நியாயத்தையும் கொடுத்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894 இல் திறந்து பின்னர்ப் பட்டுக்கோட்டை, அறந்தாங்கிவரை நீண்ட ரயில்பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டின் சொந்தப் பாதை. சேதுவழிச் சத்திரங்களை நடத்திய அமைப்பே அந்த வழிக்கு அருகில் தண்டவாளமும் போட்டது.

5. பந்தியில் யார்

சோறு வழிப்போக்கரிடமிருந்து மாணவருக்கு மாறியபின் எழுந்த கேள்வி, எந்த மாணவருக்கு என்பது. ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் சத்திர நிதியில் பள்ளிகளும் இலவச விடுதிகளும் நடந்தன. விடுதியில் உணவு பிராமண மாணவருக்கே என்ற வழக்கம் நிலைத்திருந்தது. திருவையாற்றுக் கல்லூரி வடமொழிக்கு மட்டும் உரியதாக இருந்ததால், அங்கேயும் பயன் பெற்றவர்கள் ஏறத்தாழ அதே வட்டத்தினர். பல்வகை யாத்திரிகர் வந்துபோன காலத்தில் கலந்திருந்த பயன், நிலையாகத் தங்கிப் படிப்போருக்கு என்று ஆனபோது ஒரு சாதிக்குள் ஒடுங்கியது. ஆங்கில அதிகாரிகள் குறைசொன்ன நிலையை, அவர்கள் தொடங்கிவைத்த நிர்வாகமே உறுதிப்படுத்திவிட்டது.

இந்த நிலை உடைந்தது 1920களில். நீதிக்கட்சி மாகாண ஆட்சியில் இருந்தபோது அக்கட்சியின் ஏ. டி. பன்னீர்செல்வம் தஞ்சாவூர் ஜில்லா போர்டின் தலைவரானார். ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகள் பிராமணரல்லாத மாணவருக்கும் ஆதிதிராவிட மாணவருக்கும் திறக்கப்பட்டன. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் த. வே. உமாமகேசுவரனார் இம்முயற்சிகளில் துணைநின்றவர். 1924 இல் திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் வித்துவான் படிப்பு சேர்க்கப்பட்டது. அதுவே பின்னர் அரசர் கல்லூரி என அறியப்பட்டது. தமிழ்ப் புலமைக்கு அக்கல்லூரி செய்த தொண்டு பெரிது.

திராவிட இயக்க வரலாறுகள் இதைச் சமூகநீதியின் வெற்றியாக எழுதுகின்றன. அது சரியே. மரபைப் போற்றுவோர் தருமம் திசைமாறியதாக வருந்துவர். அந்த வருத்தம் 1881 ஐ மறந்துவிட்டு 1924 ஐ மட்டும் நினைப்பது. வழிப்போக்கரின் சோறு வடமொழி மாணவருக்குப் போனபோது திசைமாற்றமாகத் தோன்றாதது, தமிழ் மாணவருக்குப் போனபோது மட்டும் அப்படித் தோன்றுவதற்கு நியாயமில்லை. 1801 கடிதத்தின் சொற்களையே அளவுகோலாக வைத்தால், எல்லாச் சாதியாருக்கும் உணவு என்ற வாக்குக்கு அருகில் வந்தது பன்னீர்செல்வத்தின் நிர்வாகம்தான். அதில் விடுபட்டவர் அயலூரிலிருந்து நடந்துவந்த யாத்திரிகர்.

6. பிறர் நடத்திய சத்திரங்கள்

மீமிசலுக்குத் தெற்கே கதை வேறு. இராமநாதபுரம் 1803 இல் ஜமீனாக நிலைபெற்றதால், சேதுபதிகளின் சத்திரங்கள் ஜமீன் குடும்பத்தின் பொறுப்பில் நீடித்தன. அங்கே ஜமீனின் கடனும் வழக்கும் சத்திரத்தையும் பாதித்தன. 1948 இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் அவற்றின் நிலப் பின்புலமும் தளர்ந்தது.

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் சத்திரங்கள் இன்னொரு வகை. காசியில் 1863 இல் நிறுவிய நகரச் சத்திரம் இன்றும் யாத்திரிகர் விடுதியாகவே நடக்கிறது. நகரத்தாரே நிர்வாகிகள். அங்கே தங்குவோரில் பலரும் நகரத்தாரே. நடத்துபவரும் தங்குபவரும் ஒரே சமூகத்தவராக இருந்தால் சத்திரம் தன் பயனை இழப்பதில்லை. அதற்கு விலையும் உண்டு. எவருக்கும் உரிய இடம் என்ற தன்மை அங்கே இயல்பாகவே குறைகிறது. தஞ்சைச் சத்திரங்களின் வரலாறு இதற்கு நேர்மாறானது. பயன் விரிந்தது, யாத்திரிகர் மறைந்தார்.

7. போர்டுக்குப் பின்

1950களின் இறுதியில் ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டபின் சத்திரங்களின் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் வந்தது. சத்திரம் நிர்வாகம் என்ற பெயரில் தனி அலுவலகம் இயங்குகிறது. நிலக் குத்தகை, வாடகை, மாணவர் விடுதி ஆகியவையே அதன் வேலை. ஜில்லா போர்டில் குறைந்தபட்சம் விவாதம் இருந்தது. யார் உண்பது என்று உறுப்பினர்கள் சண்டையிட்டார்கள், பத்திரிகைகள் எழுதின. ஆட்சியர் நிர்வாகத்தில் அந்த விவாதம் கோப்புக்குள் போய்விட்டது. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டங்களுக்குப் பின் நில வருவாய் சுருங்கியதும், அந்தச் சுருக்கம் எவர் கண்ணிலும் படாமலேயே நடந்தது.

இன்று இச்சத்திரங்கள் செய்தியில் வருவது பெரும்பாலும் கட்டடச் சிதைவின் பொருட்டு. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தின் சுவர்களில் மரம் வேர்விட்டதைப் படம்பிடித்துப் போடும் கட்டுரைகள், அதற்கு விடப்பட்ட நிலங்கள் எங்கே, அவற்றின் வருவாய் எவருக்குப் போகிறது என்று கேட்பதில்லை. சத்திரத்தின் வரலாறு தொடக்கம் முதலே நிலத்தின் வரலாறும் கணக்கின் வரலாறும்தான். கட்டடத்தைப் புதுப்பிப்பதோடு நிறுத்தினால், சுவர் நிற்கும், சத்திரம் இராது. மராட்டியர் காலக் கணக்கு மோடி ஆவணங்களில் இருக்கிறது. அதன் பின்னைய காலத்துக்கு உரியவை நிர்வாகக் கோப்புகள். இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு சத்திரத்துக்கும் விடப்பட்ட கிராமங்களின் பட்டியலையும் இன்றைய குத்தகை நிலையையும் சத்திரம் நிர்வாகம் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும்.